பண்டைய ரோமை வீட்டிலிருந்து படிக்க எந்த வழி? நான்கு வழிகளின் ஒப்பீடு

எங்கள் மகளுக்குப் பதின்மூன்று வயது. மூன்று ஆண்டுகளாகக் கொளத்தூரில் உள்ள எங்கள் வீட்டுக் கூடம்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். வரும் ஜூன் தொடங்கி ஓராண்டுக்கு வரலாற்றுப் பாடமாகப் பண்டைய ரோமை எடுத்துக்கொள்ளலாமா என்று அவளே கேட்டாள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்க முடியும் என்பதும், நானோ என் கணவரோ வரலாறு படித்தவர்கள் அல்லர் என்பதும் எங்கள் நிலை. ஆகவே ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாதங்களிலும் நான்கு வழிகளைச் சிறிது சிறிதாக நடத்திப் பார்த்தோம். பாடநூலை வரிசையாகப் படிப்பது, விரிவுரைகளையும் இணைய வகுப்புகளையும் நம்புவது, ரோமானியர்கள் எழுதியவற்றையே நேரடியாக வாசிப்பது, நம் கடற்கரையில் கிடைத்த சான்றுகளிலிருந்து ரோமை நோக்கிச் செல்வது என்பனவே அந்த நான்கு வழிகள்.

ஒப்பிடுவதற்கு முன், எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆண்டு முடிவில் எந்த நிகழ்வு முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்ற வரிசை அவளுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, கடந்த காலத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் 'இது எப்படித் தெரியும்?' என்று கேட்கும் பழக்கம் அவளுக்கு வந்திருக்க வேண்டும். முதலாவதை எந்த வயதிலும் மனப்பாடமாகப் பிடித்துவிடலாம். இரண்டாவது இந்த வயதில் விதைக்கப்படாவிட்டால் பிறகு வருவது கடினம் என்பது என் உறுதியான எண்ணம்.

பாடநூல் வழியின் பெரிய வசதி, அது செலவில்லாமல் கையில் இருப்பது. தமிழ்நாடு அரசின் ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் 'செவ்வியல் உலகம்' என்ற பாடம் கிரேக்கத்தையும் ரோமையும் சேர்த்துச் சொல்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு உலக வரலாற்று நூலில் ரோமானியப் பேரரசுக்கென்றே ஓர் இயல் உண்டு. பப்பைரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய ஆவணங்கள், மது ஜாடிகள் போன்ற சான்றுகளைப் பற்றியும் அது பேசுவதால், இரண்டில் அதுவே தரமானது. மகள் பதினான்கு வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவதானால், அதன் சமூக அறிவியல் பாடமும் பண்டைய உலகத்தைத் தொட்டே தொடங்குகிறது. எனவே தேர்வை எண்ணிக் கவலைப்படும் பெற்றோருக்குப் பாடநூல் ஒரு பிடிமானம்.

அதன் குறை அதன் வேகத்தில் இருக்கிறது. கி.மு. 753 என்று மரபு சொல்லும் நகரத் தோற்றத்திலிருந்து கி.பி. 476 வரை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைச் சில பக்கங்களில் கடக்கும்போது, மனிதர்கள் பெயர்களாகவும் போராட்டங்கள் வாக்கியங்களாகவும் சுருங்கிவிடுகின்றன. ஓர் எடுத்துக்காட்டு: டைபீரியஸ் கிராக்கஸ் நிலச் சீர்திருத்தம் கொண்டுவந்து கொல்லப்பட்டார் என்று ஒரு வரி வரும். அந்த வரியைப் படித்ததும் மகள், "நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததற்கா கொல்வார்கள்?" என்று கேட்டாள். பாடநூலில் அதற்கு விடை இல்லை. கி.மு. 133இல் அவர் சொன்னது, அரசுப் பொது நிலத்தில் ஒருவர் 500 யூகெரத்துக்கு மேல், அதாவது நம் கணக்கில் சுமார் 310 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, மிஞ்சியதை நிலமற்ற குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது. ரோமின் மேலோர் அவையான செனட்டின் உறுப்பினர்களும் அவர்களுடைய ஆட்களும் உடைந்த இருக்கைகளின் கட்டைகளால் அவரை அடித்துக் கொன்று, உடலை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு உதவியது தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த அவளுடைய தாத்தா. 1961இல் தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 30 தர ஏக்கர் என்று சட்டமானதையும், 1970இல் அது 15 ஆகக் குறைந்ததையும், ஊரில் யார் யார் பெயரில் நிலங்கள் திடீரென்று மாறின என்பதையும் அவர் ஒரு மாலை முழுவதும் சொன்னார். நிலம் என்றால் என்ன என்று தெரிந்த ஒருவர் பேசியபின் கிராக்கஸின் சாவு அவளுக்கு விளங்கியது. ஒரு வரிக்கு ஒரு மாலை தேவைப்படுகிறது என்றால், பாடநூலைப் பாடமாக வைத்துக்கொள்ள முடியாது. எங்கே இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளும் வரைபடமாக மட்டுமே வைத்துக்கொள்ள முடியும்.

விரிவுரைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. யேல் பல்கலைக்கழகம் ரோமானியக் கட்டடக்கலை பற்றிய ஒரு முழுப் பாடத்தின் பதிவுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ரோம் நகரில் உள்ள பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடம் கம்பியே இல்லாத கான்கிரீட்டில் எப்படி நிற்கிறது என்பதைப் படங்களுடன் கேட்பது எனக்கே பெரிய அனுபவமாக இருந்தது. ஆனால் அவை கல்லூரி மாணவர்களுக்கானவை. இருபது நிமிடங்களுக்குப் பிறகு மகளின் கண்கள் திரையில் இருந்தாலும் மனம் வேறெங்கோ போயிருந்தது. கட்டணம் கட்டிச் சேர்ந்த ஒரு நேரலை வகுப்போ இரவு ஒன்பதரை மணிக்குத் தொடங்கியது; ஆறு வாரத்துக்குள் ஆசிரியர் மாறினார், அதை எங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை; பேரரசர்கள் நீரோவும் காலிகுலாவும் செய்த கொடுமைகளிலேயே பாதி நேரம் கழிந்தது. எல்லா இணைய வகுப்புகளும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், யாரோ ஒருவர் குறித்த நேரத்தில் வந்து பாடம் நடத்துவது பெரிய உதவியாக இருக்கும். எங்கள் நிலைமைக்கு அது பக்கத்துணையாக மட்டுமே பொருந்துகிறது.

மூன்றாவது வழியைப் பற்றி எனக்குப் பயம் இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டவற்றை, அதுவும் ஆங்கில மொழிபெயர்ப்பில், பதின்மூன்று வயதுப் பிள்ளை எப்படிப் படிப்பாள் என்று தயங்கினேன். இளைய பிளினியின் இரண்டு கடிதங்கள் அந்தப் பயத்தைப் போக்கின. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது விரிகுடாவின் மறுகரையில் மிசேனம் என்ற ஊரில் இருந்த பதினேழு வயது இளைஞர் அவர். கடற்படைத் தலைவராக இருந்த மாமா, கப்பலை எடுத்துக்கொண்டு அந்த விந்தையான மேகத்தை அருகில் பார்க்கப் புறப்பட்டபோது, விருப்பமிருந்தால் நீயும் வா என்று அழைத்தார். மருமகனோ, எனக்குப் படிக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டிலேயே தங்கிவிட்டார். அவர் எழுதிக்கொண்டிருந்த பயிற்சியும் அந்த மாமா கொடுத்ததுதான். மாமா திரும்பி வரவில்லை. அன்றிரவு நிலம் நடுங்கியபோது, தாயுடன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, லிவியின் வரலாற்றுச் சுருளைக் கொண்டுவரச் சொல்லிப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுகிறார். வீட்டுக் கூடத்தில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான ரோமானியர் கிடைப்பது அரிது. அந்தப் பகுதியை அவள் மூன்று முறை வாசித்தாள். பிறகு, "பயத்தில் படித்தாரா, பயமில்லை என்று காட்டப் படித்தாரா?" என்று கேட்டாள். பிளினியே தம் செயலைத் துணிவு என்பதா, அறியாமை என்பதா என்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார் என்பதை அதே பகுதியில் காட்டினேன்.

இந்தக் கடிதங்கள் இன்னொரு பாடத்தையும் தந்தன. நிகழ்வு நடந்து கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆனபின், வரலாற்றாசிரியர் டாசிடஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் பிளினி எழுதியவை இவை. கடிதத்தின் கையெழுத்துப் படிகளில் உள்ள ஆகஸ்ட் 24 என்ற தேதியே வெடிப்பு நடந்த நாளாக நெடுங்காலம் ஏற்கப்பட்டு வந்தது. 2018இல், அந்த வெடிப்பில் புதைந்த பொம்பெய் நகரின் வீடொன்றின் சுவரில் கரியால் எழுதிய ஒரு குறிப்பு வெளிப்பட்டது. அதிலிருந்த நாள் நம் கணக்கில் அக்டோபர் 17. சுவர்க் கரி எளிதில் அழிந்துவிடக்கூடியது என்பதால் அது வெடிப்புக்குச் சற்று முன்புதான் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்றும், ஆகவே வெடிப்பு இலையுதிர் காலத்தில் நடந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நேரில் கண்டவரின் எழுத்தையே ஒரு கரித்துண்டு கேள்வி கேட்கிறது. 'இது எப்படித் தெரியும்?' என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சியை எந்த வினாத்தாளும் தராது.

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் தம் சாதனைகளைத் தாமே எழுதிப் பொறிக்கச் செய்த ஆவணமும் இந்த வழியில் வரும். அதன் மிக முழுமையான படி இன்றைய துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இருக்கிறது. பத்தொன்பது வயதில் சொந்தச் செலவில் படை திரட்டிக் குடியரசை விடுவித்தேன் என்று தொடங்கும் அது, தம் எதிரிகளான புரூட்டஸையோ ஆண்டனியையோ பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே இல்லை. நம் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியைப் பக்கத்தில் வைத்தால், அரசன் தன்னைப் பற்றித் தானே கல்லில் வெட்டச் சொல்லும்போது எதைச் சொல்வான், எதை விடுவான் என்பதை இரண்டு எழுத்துகளும் சேர்ந்தே கற்றுக்கொடுக்கின்றன. கல்வெட்டு மரபில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இந்த ஓர் இடத்தில் ஒரு படி முன்னால் நிற்கிறாள்.

இந்த வழியின் சுமை முழுவதும் பெற்றோர் மேல் விழுகிறது என்பதை மறைக்கக் கூடாது. எல்லாவற்றையும் நாம் முதலில் படித்திருக்க வேண்டும். சூட்டோனியஸ் எழுதிய பேரரசர் வாழ்க்கைகளில், அகஸ்டஸுக்குப் பின் வந்த பேரரசர் டைபீரியஸ் காப்ரி தீவில் இருந்த காலத்தைப் பற்றிய பகுதிகள் பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. லிவி 142 பகுதிகளாக எழுதியதில் 35 மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றிலும் தொடக்கக் கால ரோமைப் பற்றி அவர் சொல்வது, தமக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய செய்தி. அடிமைகளும் பெண்களும் தங்கள் குரலில் பேசும் எழுத்துகள் மிகச் சிலவே. பழைய மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தாலும் அவற்றின் ஆங்கிலம் கரடுமுரடானது. ஒரு வாரத்துக்கு மூன்று பக்கத்துக்கு மேல் நாங்கள் போகவில்லை.

நான்காவது வழியைச் சென்னையில் இருப்பவர்கள் தவறவிடுவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்கினால் ரோமானிய நாணயங்களையும், புதுச்சேரிக்கு அருகில் உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டுப் பொருள்களையும் அருகில் பார்க்கலாம். அரிக்கமேட்டுக்கே போவதானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம். தென்னிந்தியப் புதையல்களில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் அகஸ்டஸின் வெள்ளி நாணயம் ஒன்றின் படத்தைப் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்து மேசையில் விரித்து வைத்தோம். அசல் நாணயம் இன்றைய ஒரு ரூபாயைவிடச் சிறியது. முன்புறம் மாலை சூடிய அகஸ்டஸின் தலை. சுற்றிலும் 'தெய்வமானவரின் மகன்', 'நாட்டின் தந்தை' என்று பொருள்படும் சுருக்க எழுத்துகள். பின்புறம் நீண்ட ஆடை உடுத்திய இரண்டு இளைஞர்கள் கேடயத்தைப் பிடித்தபடி நிற்கிறார்கள். அவர்கள் அகஸ்டஸ் மகன்களாகத் தத்தெடுத்துக்கொண்ட பேரன்கள் கேயஸும் லூசியஸும். 'கான்சலாகக் குறிக்கப்பட்டவர்கள்' என்று அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறது.

கான்சல் என்றால் என்ன என்று மகள் கேட்டாள். ஆண்டுக்கு இருவர் மட்டும் தேர்ந்தெடுக்கப்படும், குடியரசின் உச்சப் பதவி என்றேன். அந்தப் பதவிக்குப் பதினைந்தாவது வயதிலேயே அவர்கள் பெயர் குறிக்கப்பட்டுவிட்டது என்று அகஸ்டஸே எழுதியிருப்பதைக் காட்டியதும், "என்னைவிட ஒன்று, இரண்டு வயது பெரியவனுக்கா? அப்புறம் தேர்தல் எதற்கு?" என்றாள். குடியரசின் பெயர்கள் அத்தனையும் இருந்தும் குடியரசு போய்விட்டது எப்படி என்ற, ரோமானிய வரலாற்றின் நடுநாயகமான கேள்வியை, நம் மண்ணில் கிடைக்கும் ஒரு காசிலிருந்து அவளே வந்தடைந்தாள். லூசியஸ் கி.பி. 2லும் கேயஸ் கி.பி. 4லும் இறந்துபோனார்கள், அவர்கள் உருவம் பொறித்த காசுகளோ கடல் கடந்து வந்து மிளகுக்கு விலையாயின.

'யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்ற அகநானூற்று அடிகளை நாம் அறிவோம். பொன் கொண்டுவந்து கறி, அதாவது மிளகு, கொண்டுபோனார்கள் என்ற அந்தச் செய்திக்கு எதிர்க்கரையிலிருந்து சாட்சி சொல்பவர் மூத்த பிளினி: ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஷியசை (ரோமானிய நாணயம்) இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் வருந்தி எழுதுகிறார். எரிமலையைப் பார்க்கக் கப்பலில் போய் இறந்த அந்த மாமாதான் இவர். இதைச் சொன்னபோது மகள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில், கோயில் தளத்தில் புதைந்திருந்த ஓர் இந்திய ஜாடிக்குள் ஏழரை கிலோ மிளகு கிடைத்தது; அதே துறைமுகத்தில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடும் கிடைத்தது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கோடு இருக்கிறது. மீண்டும் புழக்கத்தில் விடாமல் தடுக்கவா, உள்ளேயும் பொன்தானா என்று சோதிக்கவா, வேறு காரணமா என்ற கேள்வி இன்றும் பேசப்படுகிறது. ஒரு வாரம் முழுவதும் அவள் ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஆதரவாகவும் எதிராகவும் எழுதிப் பார்த்தாள்.

ஆயினும் இந்த வழிக்கு ஓர் எல்லையும் ஒரு சறுக்கலும் உண்டு. வணிகத்தின் வழியாக மட்டும் பார்த்தால் வட ஆப்பிரிக்க நகரான கார்த்தேஜுடன் நடந்த போர்களும், டைபீரியஸ் கிராக்கஸும் அவருடைய தம்பியும் கண்ணில் படவே மாட்டார்கள். சறுக்கல் எதுவென்றால் பெருமிதம். யவனர் என்ற சொல் கிரேக்கரையும் குறித்தது. இங்கு வந்த வணிகர்களில் பலர் ரோமானிய ஆட்சிக்கு உட்பட்ட எகிப்திலிருந்து வந்த கிரேக்க மொழியினர். 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்டிமர் வீலர் அதை ரோமானிய வணிகத்தால் உருவான இடமாகப் பார்த்தார். 1989 முதல் 1992 வரை நடந்த அகழாய்வு, ரோமானியத் தொடர்புக்கு முன்பே அங்கு மக்கள் குடியிருந்ததைக் காட்டியது. ரோமானியர்களைப் பெரிதாக்குவதும் நம்மைப் பெரிதாக்குவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

லத்தீன் மொழி கற்பதை ஐந்தாவது வழியாகச் சிலர் சொன்னார்கள். மொழியில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அது நல்லதே. எங்களுக்கு இந்த ஆண்டு நாணய எழுத்துகளை விரித்துப் படிக்கும் அளவு போதும்.

ஆகவே நாங்கள் எடுத்த முடிவு இது. முதல் எட்டு வாரங்கள் நம் கரையிலிருந்து தொடங்கும்: நாணயம், அகநானூறு, மிளகு, அரிக்கமேடு. அடுத்து பிளினியின் கடிதங்கள். பிறகு கி.மு. 133 முதல் அகஸ்டஸ் இறந்த கி.பி. 14 வரையிலான ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளை மட்டும் மூலங்களோடு மெதுவாகப் படிப்போம்; அதற்கு முன்னும் பின்னும் உள்ள காலத்துக்குப் பாடநூல் போதும். விரிவுரைகள் மாதம் ஒன்று, கட்டடங்களைப் பற்றி மட்டும். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளையும் ஒரே சீராகக் கடக்காமல் ஒரு காலத்தை ஆழமாகப் படிப்பதில், பிற்காலப் பேரரசர் கான்ஸ்டன்டைனைப் பற்றியோ மேற்கு ரோமின் வீழ்ச்சியைப் பற்றியோ அவளுக்கு மேலோட்டமாகவே தெரியும் என்ற இழப்பு இருக்கிறது. அதை அறிந்தே ஏற்கிறோம்.

இதே முடிவு எல்லோருக்கும் பொருந்தாது. ஓராண்டுக்குள் தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்குப் பாடநூலை முதுகெலும்பாக வைத்து, வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை மட்டும் மூலங்களுக்கு ஒதுக்குவதே நியாயம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கதைகளும் அருங்காட்சியகமும் போதும். கடிதங்களை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். பெற்றோர் முன்கூட்டியே படிக்க நேரமில்லாத வீட்டில் மூன்றாவது வழியைத் தொடங்கிப் பாதியில் விடுவதைவிட, நல்ல விரிவுரைத் தொடர் ஒன்றைப் பிள்ளையுடன் உட்கார்ந்து பார்த்து இடையிடையே நிறுத்திப் பேசுவது மேல். நான்காவது வழியை மட்டும், வேறு எதைத் தேர்ந்தாலும் சில வாரங்களுக்காவது சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வேன். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாங்கள் ஜூன் முதல் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை காலை போகிறோம். கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும், அந்த இரண்டு இளைஞர்களின் படமும் இருக்கும்.